யார், யாரை, யாருக்கு?

எதிர் வீட்டுப் பெண் நர்ஸ் படிப்பு முடித்தவள். ஜெர்மனியில் வேலைக்குப் போக வேண்டும் என்று அந்த மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறாள். சென்ற வாரம் ஒரு மாலை எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு மூளையே இல்லை, மாமா. இந்த ஜெர்மன் எனக்கு வராது" என்று கண் கலங்கினாள். கையில் ஒரு காகிதம்; அதில் பதினாறு கட்டங்கள். டேர், டேன், டேம், டெஸ் என்று அத்தனையும் மந்திரம் மாதிரி உருப்போட வேண்டுமாம். வகுப்பில் உத்தரவு.

குறை அவள் மூளையில் இல்லை, அந்த உத்தரவில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் 'தி' என்று ஒரே சொல் நிற்கிறதல்லவா? ஜெர்மனில் அந்த இடத்தில் டேர், டீ, டஸ், டேன், டேம், டெஸ் என்று ஆறு சொற்கள். பதினாறு கட்டங்களையும் சலித்துப் பார்த்தால் இந்த ஆறுதான் மிஞ்சும். பெயரின் பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் பொறுத்து இவை மாறி மாறி வருகின்றன. இதைப் பார்த்து ஆங்கிலம் பேசுகிறவன் அலறுவது நியாயம். மார்க் ட்வெய்ன் 1880-ல் ஜெர்மன் மொழியைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரையே வெளியிட்டார். அவர் மொழியில் பெயர்கள் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் தொலைத்துவிட்டன. எட்டு வேற்றுமையோடு பிறந்த நாம், நாலு வேற்றுமையைக் கண்டு எதற்காக ஐயா அலற வேண்டும்?

'டீ ஷ்வெஸ்டர் கிப்ட் டேம் மன் டேன் ஸஃப்ட்.' நர்ஸ் அந்த மனிதருக்குப் பழச்சாற்றைக் கொடுக்கிறாள். யார் கொடுக்கிறாள்? டீ. யாருக்கு? டேம். எதை? டேன். நமது 'கு'வும் 'ஐ'யும்தான் இவை. நாம் உருபைப் பெயரின் வாலில் ஒட்டுகிறோம்; அவர்கள் தலையில் தொப்பியாக வைக்கிறார்கள். நன்னூல் நான்காம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது முதலில் வைப்பது கொடை. ஜெர்மானியர் அதே வேற்றுமையை 'டாட்டிவ்' என்கிறார்கள். கொடுப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது!

'நாய் மனிதனைக் கடித்தது' என்பதை 'மனிதனை நாய் கடித்தது' என்று மாற்றினாலும் நமக்குப் பொருள் மாறாது. ஜெர்மனிலும் அப்படியே, 'டேன் மன்' முன்னால் வந்தாலும் கடிபட்டவன் அவன்தான். ஆங்கிலத்தில் இடம் மாற்றிப் பாருங்கள், மனிதன் நாயைக் கடித்துவிடுவான்! அப்படியிருக்க, தமிழ்ப் பெண்ணுக்கு ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகப் புகட்டுவது, பக்கத்துத் தெருவுக்குப் பட்டணம் சுற்றிப் போகிற கதைதான்.

எல்லாம் பொருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. 'அவனுக்கு உதவினேன்' என்பதில் இரு மொழியும் ஒன்று. ஆனால் நாம் 'அவனை' நம்புகிறோம், அவர்கள் 'அவனுக்கு' நம்புகிறார்கள். பால் விஷயமோ உண்மையிலேயே தொல்லை. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஹென்' அங்கே பெண்பால் அல்ல, டஸ் போடும் மூன்றாம் பால். அந்த 'ஹென்' விகுதி ஏறினால் எந்தப் பெயருக்கும் அதே கதி. ஆகவே பெயரையும் அதன் டேர், டீ, டஸ்ஸையும் சேர்த்தே மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். மனப்பாடத்துக்குரியதை மனப்பாடம் செய்வோம்; புரிந்துகொள்ள வேண்டியதையும் மந்திரமாக்குவானேன்?

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்கு என்ற ஜெர்மானியர். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலே நகரில் லத்தீன் மொழியில் அச்சாயிற்று. நம் வேற்றுமைகளைத் தமக்குத் தெரிந்த லத்தீன் அச்சில் வைத்துத்தான் அவர் தம் நாட்டாருக்கு விளக்கினார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போனார். அந்த உரிமை எதிர் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் கிடையாதா?

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். யார், யாரை, யாருக்கு என்ற கேள்விகள் இல்லாமல் எனக்கு ஒரு வரி ஓடாது. அவளிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "கட்டத்தை மடித்து வை, அம்மா. வாக்கியத்தைப் பார்த்துக் கேள்வி கேள்." கேட்டாள். அரை மணியில் பத்து வாக்கியங்கள், இரண்டுதான் தப்பு. அந்த இரண்டும் பால் தெரியாததால் வந்தவை.

மூளை இல்லையாம்!