'குறைவு' என்ற சொல்லை எப்படிப் படிப்பது?

சென்ற மாதம் ஹைதராபாத்தில் எங்கள் விடுதியின் இளம் ஆய்வாளர் ஒருவர் முழு உடல் பரிசோதனை அறிக்கையோடு என் அறைக்கு வந்தார். அமைலேஸ் நொதியின் அளவு 'குறைவு' எனத் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. "செரிமானமே பழுதாகிவிட்டதா, அண்ணா?" என்று கேட்டார். கையில் மருந்துக்கடையில் வாங்கிய நொதி மாத்திரைகள் இருந்தன. அவரும் உயிரியல் மாணவரே. ஆகவேதான் இதை எழுதத் தோன்றியது.

கணையம் தன் நொதிகளைச் சுரப்பது சிறுகுடலுக்குள், இரத்தத்துக்குள் அன்று. இரத்தத்தில் நாம் அளப்பது சிறு கசிவை மட்டுமே. கணையம் திடீரென அழற்சியுறும்போது செல்கள் சிதைந்து அக்கசிவு பெருகும். அமைலேஸ் அல்லது லிபேஸ் மேல் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டினால் மருத்துவர் ஐயுறுவது அதனால்தான். இச்சோதனை முதன்மையாகப் பயன்படுவது உயர்வைக் காண்பதற்கே. மேலும், அமைலேஸை உமிழ்நீர்ச் சுரப்பிகளும் தருகின்றன. ஆகவே அந்த எண் கணையத்தின் கணக்கு மட்டுமன்று.

இயல்பு வரம்பு என்பதும் ஒரு புள்ளியியல் உடன்பாடே. பொதுவாக, நலமுள்ளோரில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் அடங்கும் எல்லை அது. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்துகொள்ளும் நலமான ஒருவருக்கு ஏதேனும் ஒன்றாவது எல்லைக்கு வெளியே விழும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. கேள்வியின்றிச் செய்யப்படும் சோதனை, விடையைத் தருவதில்லை, அச்சத்தையே தருகிறது.

ஆயினும், 'குறைவு பொருளற்றது' என்று முடிப்பதும் பிழையே. நாள்பட்ட கணைய அழற்சியில் சுரக்கும் திசுவே அழிந்துவிடுவதால், கசிவதற்கும் ஒன்றும் எஞ்சாமற் போகலாம். இந்நோய் நமக்கு அந்நியமானதன்று. கணையக் குழாயில் கற்கள் படிந்து, இளவயதிலேயே வயிற்றுவலியும் நீரிழிவும் தரும் வெப்பமண்டலக் கணைய நோயை 1960களில் கேரளத்தில் விரிவாக ஆராய்ந்தவர் மருத்துவர் கீவர்கீஸ். இத்தகையோரிடம் இரத்த நொதி அளவு குறைந்திருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம். சுரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இழந்த பின்னரே கொழுப்புச் செரியாமை வெளிப்படையாகத் தெரியும் என்பதால், காலந்தாழ்ந்தே பலர் கண்டறியப்படுகின்றனர்.

எனவே என் கருத்து இது: அந்த எண்ணைத் தனியே படிக்கலாகாது; உடலோடு சேர்த்தே படிக்க வேண்டும். காரணமின்றி எடை குறைதல், எண்ணெய் மிதக்கும் மலம், உண்டபின் முதுகுவரை பரவும் வலி, இளவயது நீரிழிவு ஆகியவற்றுள் ஏதேனும் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். இருப்பின், மருத்துவரை அணுகி மலத்தில் எலாஸ்டேஸ் அளவைச் சோதிப்பது குறித்துக் கேட்கலாம். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் சுரப்புக் குறைபாட்டை ஐயுறுவர். வருவோர்க்கெல்லாம் நொதி மாத்திரை விற்பது மருத்துவமாகாது; உண்மையில் தேவைப்படுவோர்க்கு அம்மாத்திரை அளவறிந்து, உணவோடு, நெடுங்காலம் தரப்பட வேண்டிய மருந்து.

அந்த இளைஞருக்கு இவ்வறிகுறிகளில் ஒன்றும் இல்லை. மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறிக்கையை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுமாறு கூறினேன். அறிக்கைகளை அச்சிடும் ஆய்வகங்களும் 'குறைவு' என்பதன் பக்கத்தில் ஒரே ஒரு விளக்க வரியைச் சேர்க்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இத்துறையில் பணியாற்றுவோர் பிழை கண்டால் திருத்துக, நன்றியோடு ஏற்பேன்.