"ஒரு வருஷம் பொறு தாயி"ன்னு சொல்ற பெரிசுகளுக்கு

எங்க தெருவுல ஒரு அக்கா. கல்யாணமாகி மூணாவது மாசம் பீரோவை ஒதுங்க வைக்கும்போது ஒரு கோர்ட் பேப்பர் கையில சிக்கியிருக்கு. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, விவாகரத்தும் ஆகியிருக்கு. பொண்ணு பார்க்க வந்தப்போ ஒருத்தரும் வாயைத் திறக்கல. அக்கா பெட்டியோட பாளையங்கோட்டைக்கு வந்துட்டாங்க. சொந்தக்காரங்க கூடிப் பேசி ஒரு தீர்ப்பு சொன்னாங்க: "ஏட்டி, ஒரு வருஷம் பொறுத்துப் பாரு. ஒரு புள்ளை பொறந்தா எல்லாம் சரியாயிரும்."

திரும்பிப் போனாங்க. எதுவும் சரியாகல. ஒன்றரை வருஷம் கழிச்சு வக்கீல்கிட்ட போனா, அவர் கேட்ட முதல் கேள்வி: "தெரிஞ்சதுமே ஏம்மா வரல?"

நான் வக்கீல் இல்ல, பி.காம். ஆனா எங்க பிசினஸ் லா பேப்பர்லயே வாய்டு, வாய்டபிள்னு ரெண்டு உண்டு. முதலாவது ஆரம்பத்துலேயே செல்லாது. ரெண்டாவது, பாதிக்கப்பட்டவர் வேண்டாம்னு சொல்ற வரைக்கும் செல்லும். 1955 இந்து திருமணச் சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிக்குது.

முந்தைய கல்யாணம் முறியாம இருக்கும்போதே இன்னொரு கல்யாணம், தடுக்கப்பட்ட உறவுக்குள்ள கல்யாணம் இதெல்லாம் பிரிவு 11, செல்லாது. (மாமன், அக்கா மக மாதிரி வழக்கத்துல இருக்கிறதுக்கு விலக்கு உண்டு.) தாம்பத்தியத்துக்கு இயலாமை, சம்மதம் தர முடியாத மனநிலை, மிரட்டியோ ஏமாத்தியோ வாங்கின சம்மதம், கல்யாணத்தின்போதே வேறொருவரால் கர்ப்பம் இதெல்லாம் பிரிவு 12. கேட்டா ரத்து. எல்லாப் பொய்யும் மோசடி ஆகாது. எதிராளியைப் பத்தின முக்கியமான உண்மையை மறைச்சிருக்கணும். இது 1976 திருத்தத்துல சேர்ந்தது.

இப்போ மேட்டருக்கு வரேன். மோசடின்னா, அது தெரிஞ்ச நாள்லேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும். அதோட, தெரிஞ்ச பிறகு முழு சம்மதத்தோட சேர்ந்து வாழ்ந்திருந்தா மனு நிக்காது. ஒரு வருஷம் காத்திருக்கணும்ங்கிற விதி விவாகரத்துக்கு (பிரிவு 14). அதுலயும் தாங்க முடியாத கஷ்டம்னா விலக்கு உண்டு. ஒண்ணு ஒரு வருஷம் கழிச்சு வாங்குது, இன்னொண்ணு ஒரு வருஷத்துக்குள்ள வாங்குது. நம்ம ஆளுங்க ரெண்டையும் போட்டுக் குழப்பி, ஒரு பொண்ணோட உரிமையையே காலி பண்ணிட்டாங்க. "போய்ச் சேர்ந்து வாழு"ன்னு அனுப்பினது எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் செஞ்ச உதவி!

அடுத்து அவங்க அடுக்குற பயங்கள்.

மானம் போயிருமாம். பிரிவு 22 படி விசாரணை மூடின அறையில நடக்கும், வெளியில பிரசுரிக்கவும் கூடாது. டீக்கடையில கதையை அவிழ்த்து விட்டது கோர்ட் இல்ல, சொந்தக்காரங்கதான்.

சென்னைக்கு அலையணுமாம். மனைவி தான் இப்போ குடியிருக்கிற ஊர்லயே மனு போடலாம், 2003-லேர்ந்து. அப்பீலுக்கு மதுரைக் கிளை இருக்கு.

புள்ளை பொறந்திருந்தா? பிரிவு 16 படி அது சட்டப்படியான குழந்தைதான். பூர்வீகச் சொத்துல அப்பாவுக்கு வர்ற பங்குலயும் அதுக்கு உரிமை உண்டுன்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

சோத்துக்கு? செல்லாத கல்யாணமா இருந்தாலும் ஜீவனாம்சம் கேட்கலாம்னு 2025 பிப்ரவரியில அதே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

பெரியவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, மறுக்கல. ஆனா பத்திரம் பதியப் போகும்போது வில்லங்கம் பார்க்காம போற ஒரு பெரியவரைக் காட்டுங்க பார்ப்போம். அரை சென்ட் நிலத்துக்கு இருக்கிற அக்கறை பொண்ணு விஷயத்துல இல்லாமப் போச்சே. அந்த அக்கா இப்போ விவாகரத்துக்கு அலையுறாங்க. அதுக்கு வேற காரணம் காட்டணும், நிரூபிக்கணும். கையில இருந்த கோர்ட் பேப்பர் ஒண்ணே போதுமாயிருந்திருக்கும்.

பொறுத்தார் பூமியாள்வார்னு சொல்லுவாங்க. பிரிவு 12-ல பொறுத்தார் கேஸைத்தான் தோப்பார். நாளைக்கு உங்க வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா, பஞ்சாயத்து அப்புறம் வச்சுக்கோங்க. முதல்ல தேதியைக் குறிச்சு வச்சுக்கிட்டு வக்கீலைப் பாருங்க.

டிஸ்கி: இது இந்து சட்டம். கிறிஸ்தவ நண்பர்களுக்கு 1869 சட்டம் தனி. சர்ச்சுல ரத்து வாங்கினா மட்டும் போதாது, கோர்ட் உத்தரவும் வேணும்னு 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.