தாய் இருக்கிற பிள்ளையை அநாதை என்று சொல்லாதேங்கோ

 

கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை விடுமுறை, எழுத நேரம் கிடைத்தது. திட்டுவதாக இருந்தாலும் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இரண்டு மூன்று கிழமையாக எங்கள் பக்கத்து முகநூல் குழுக்களில் ஒரே சண்டை. ஒரு கிறிஸ்தவ அமைப்பு தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை கொடுத்த படம்தான் காரணம். அதன் கீழே ஒரு பக்கம் "மதம் மாத்த வந்திட்டினம்" என்கிறது. மறுபக்கம் "நீங்கள் என்னத்தைக் குடுத்துக் கிழிச்சனீங்கள்?" என்கிறது. நடுவில் ஒருவர் என்னை இழுத்துவிட்டார். "ரீச்சர், நீங்கள் முஸ்லிம்தானே, உங்களுக்கு ரெண்டு பக்கமும் இல்லை, நீங்கள் சொல்லுங்கோ."

சரி, சொல்கிறேன்.

முதலில், புத்தூரில் இருந்துகொண்டு கிறிஸ்தவ மிஷன் எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல ஏலாது. சென்ற் லூக்ஸ் மெதடிஸ்த வைத்தியசாலையைத் தெரியாத குடும்பம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறதா? "மிஷன் ஆசுப்பத்திரி" என்றால் சிறுபிள்ளையும் கை காட்டும். அங்கே மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். மருந்து எடுத்துவிட்டு வந்து கோயில் திருவிழாவுக்குக் காவடி எடுத்தவர்கள்தான். மெதடிஸ்த மிஷனரிமார் 1814 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் புத்தூர் சைவ ஊராகத்தான் இருக்கிறது. மதமாற்றப் பயம் உள்ளவர்கள் இந்தக் கணக்கையும் ஒருக்கால் பார்க்கலாம்.

அதே நேரம் அந்தப் பயம் வெறும் கற்பனை என்றும் நான் சொல்லமாட்டேன். "ஞாயிற்றுக்கிழமை வந்தால் பொதி தருவம்" என்று சொல்லுகிற ஆட்களை எனக்குத் தெரியும். பசித்த பெண்ணிடம் சோற்றை ஒரு கையிலும் வேதத்தை மறுகையிலும் நீட்டுவது அநியாயம். அதை பாஸ்டர் செய்தாலும் அநியாயம், மௌலவி செய்தாலும் அநியாயம், சாமியார் செய்தாலும் அநியாயம்.

பழைய மிஷனிலும் குறை இருந்தது. அமெரிக்க மிஷன் 1816 இல் தெல்லிப்பழையில் தொடங்கிய பிறகு, விடுதியில் வைத்துப் படிப்பித்த பிள்ளைகளுக்கு, அவர்களுக்குக் காசு அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களை வைத்தார்கள். காசு கட்டியவர் சொன்ன பெயர் பிள்ளைக்கு. எங்கள் மார்க்கத்தில் பிறர் பிள்ளையை எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் அதன் சொந்தத் தகப்பன் பெயரால்தான் அழைக்க வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. சின்ன வயதில் இது என்ன கண்டிப்பு என்று நினைத்திருக்கிறேன். அந்த விடுதிப் பிள்ளைகளைப் பற்றி வாசித்தபோது அதன் அருமை புரிந்தது.

ஆனால் அதே ஆட்கள்தான் 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை வைத்தார்கள். ஹரியற் வின்ஸ்லோ என்கிற பெண் தொடங்கியது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம். 1862 இல் திருக்குடும்பக் கன்னியர்கள் பிரான்சிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார்கள். 1898 இல் இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியோட் வைத்தியசாலை வந்தது. இவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கட்டடம் அல்ல. தனித்துப் போன ஒரு பெண், ஒருவரிடமும் கை ஏந்தாமல் மாதச் சம்பளத்தில் வாழலாம் என்பதை யாழ்ப்பாணம் முதன்முதலில் கண்ணால் கண்டது தாதிகளிலும் ஆசிரியைகளிலும்தான். இன்று நான் சாரி உடுத்து, தலையை மூடிக்கொண்டு, பஸ் ஏறிப் போய்ப் படிப்பிக்கிறேன் என்றால் அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்கள் அவர்கள். நான் முஸ்லிம் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மதமாற்றச் சண்டை புதிதும் இல்லை. இந்தியாவில் பண்டித ரமாபாய் என்று ஒருவர் இருந்தார். பிராமணக் குடும்பம், இளம் விதவை, கிறிஸ்தவராக மாறியவர். 1889 இல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கி அடுத்த வருடம் பூனாவுக்குக் கொண்டுபோனார். 1893 இல் "மதம் மாற்றுகிறா" என்று பெரிய கலவரம், பல குடும்பங்கள் பெண்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. அவர் அசையவில்லை. பிறகு வந்த பஞ்சத்தில் நூற்றுக்கணக்கான பெண்களையும் பிள்ளைகளையும் கெட்காவில் முக்தி என்ற இடத்தில் வைத்துப் பார்த்தார். அச்சகம், நெசவு, தோட்டம் எல்லாம் அந்தப் பெண்களே நடத்தினார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. சாரதா சதனில் முதல் சேர்ந்த விதவைகளில் ஒருவரை 1893 இல் கார்வே என்ற இந்து ஆசிரியர் மறுமணம் செய்தார். 1896 இல் அவரே இந்து விதவைகளுக்கு ஒரு இல்லம் தொடங்கினார். 1916 இல் அது பெண்களுக்கான பல்கலைக்கழகம் வரை போனது. ரமாபாயைத் திட்டியவர்கள் பூனாவில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், இன்று யாருக்கு அவர்களின் பெயர் தெரியும்? எங்கள் ஊரிலும் நாவலர் அப்படித்தான். வெஸ்லியன் பாதிரியார் பேர்சிவலோடு வேலை செய்து, அவர்களின் முறையைப் பார்த்து, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை கட்டினார். எங்கள் காலத்தில் தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலில் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் திருவிழாக் காசைப் பெண்பிள்ளைகளுக்கு இல்லமாக்கினார். முகநூலில் கருத்து எழுதுகிறவர்கள் அந்த வழியில் வரலாமே.

இனி எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது.

"அநாதைப் பிள்ளைகள்" என்று சொல்லுகிறோமே, அவர்கள் யார்? 2005 இல் சேவ் த சில்ட்ரன் அமைப்பு இலங்கைச் சிறுவர் இல்லங்களில் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். பலர் வந்த காரணம் வறுமை. சுனாமிக்கும் 2009 இற்கும் பிறகு கணக்கு மாறியிருக்கலாம். ஆனால் என் வகுப்பறை அனுபவமும் அதைத்தான் சொல்கிறது.

அரபியில் "யத்தீம்" என்றால் தகப்பனை இழந்த, பருவம் அடையாத பிள்ளை. தாய் இருந்தாலும் யத்தீம்தான். நபிகளார் பிறக்கும் முன்பே தகப்பனை இழந்தவர், ஆறு வயது வரை தாய் இருந்தார். ஆகவே யத்தீமைப் பராமரி என்றால், பெரும்பாலும் அந்தத் தாயின் அடுப்பை எரிய வை என்றுதான் அர்த்தம். தமிழில் அநாதை என்று சொன்னதும் ஒருவரும் இல்லாத பிள்ளை என்று நினைத்து, கட்டடம் கட்டப் போய்விடுகிறோம்.

2010 இல் அப்போதைய பிரதி அமைச்சர் ஹிஸ்புல்லாஹ் வடக்குக் கிழக்கில் 89,000 யுத்த விதவைகள் இருப்பதாகச் சொன்னார். கிழக்கில் 49,000, வடக்கில் 40,000. அவர்களின் பிள்ளைகள்தான் "இல்லப் பிள்ளைகள்" ஆனார்கள்.

ஒரு தாய் ஏன் பிள்ளையை இல்லத்தில் விடுகிறா? அடையாளம் தெரியாமல் ஒரு கதை சொல்கிறேன். எட்டாம் ஆண்டுப் பிள்ளை. தகப்பன் மோசம் போய்விட்டார். தாய் தோட்டக் கூலி, வெங்காயக் காலத்தில் வேலை இருக்கும், மற்றக் காலத்தில் இல்லை. ஒருநாள் என்னிடம் வந்து கேட்டா: "ரீச்சர், இவளை எங்கயாவது ஹோமில விட ஒரு கடிதம் தருவீங்களோ? அங்க எண்டா மூண்டு நேரமும் சாப்பிடுவாள். நானும் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்."

சாப்பாடு விளங்கியது. நித்திரை ஏன் என்று கேட்டேன். வீட்டுக்குக் கதவு இல்லை, சீலை தொங்குகிறது. தாய் வேலை முடிந்து வர ஆறு மணி. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பிள்ளை தனிய. ஒழுங்கையில் பின்னேரம் குடித்துவிட்டு நிற்கிற ஆட்கள். கடன்காரன் வேறு வந்து வாசலில் இருப்பான். நுண்கடன். அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது ஒரு கதவு, ஒரு பூட்டு, பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை பிள்ளை இருக்க ஒரு நல்ல வீடு. இதற்காக ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதா?

கதவு போட்டது எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் இரண்டு பேர். வீடு கொடுத்தது ஓய்வுபெற்ற தாதி ஒருவர், கோயிலுக்கு அல்ல, தேவாலயத்துக்குப் போகிறவர். பிள்ளை அங்கே போய் வீட்டுவேலைக் கணக்குச் செய்யும், தேத்தண்ணி குடிக்கும். ஒருநாளும் அந்த அம்மா வேதம் கதைத்ததில்லை. பிள்ளை திருநீறு பூசிக்கொண்டுதான் போகிறது. படமும் இல்லை, பதாகையும் இல்லை. நான் கண்ட கிறிஸ்தவத் தொண்டு என்றால் இதைத்தான் சொல்லுவேன்.

எல்லா இடத்திலும் இப்படி முடியாது. உண்மையில் ஒருவரும் இல்லாத பிள்ளை உண்டு, வீட்டுக்குள்ளேயே ஆபத்து உள்ள பிள்ளை உண்டு. அவர்களுக்கு நல்ல இல்லம் வேண்டும். கன்னியர்கள் நடத்துகிற சில இல்லங்களில் பிள்ளைகளைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்க்கிறார்கள், அந்தச் சிஸ்டர்மாரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இல்லம் கடைசிக் கதவாக இருக்க வேண்டும். 2009 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற வழிகாட்டலும் அதைத்தான் சொல்கிறது, வறுமை மட்டும் காரணமாகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று.

இப்போது பிறந்தநாள் சாப்பாட்டுக்கு வருகிறேன். கோபிக்க வேண்டாம், லண்டன், கனடா உறவுகளே. உங்கள் மனம் நல்லது, தெரியும். மகனின் பிறந்தநாளுக்கு இல்லத்துக்கு மதியச் சாப்பாடு, கேக், பலூன். பிள்ளைகள் வரிசையாக நின்று, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடி, அது வீடியோவாகி முகநூலுக்கு வரும். அடுத்தநாள் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது மற்றப் பிள்ளைகள் ஏற்கெனவே அதைப் பார்த்திருப்பார்கள். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? தன் பிறந்தநாளுக்குப் பலூன் கட்ட ஆள் இல்லாத பிள்ளை அது. அமெரிக்கர் பெயர் வைத்ததைக் குறை சொன்னோமே, இது என்ன?

தையல் மெஷினையும் சொல்ல வேண்டும். விதவை என்றால் உடனே தையல் மெஷின், இல்லாவிட்டால் பத்துக் கோழிக்குஞ்சு. ஒரு ஒழுங்கையில் ஆறு தையல்காரி இருந்தால் ஆர் சட்டை தைக்கக் குடுக்கிறது? கொடுக்கும் முன் அந்தப் பெண்ணிடம் என்ன தெரியும், என்ன விருப்பம் என்று ஒருக்கால் கேட்டால் என்ன.

எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கும் ஒன்று. 1990 ஒக்டோபர் 30 இல் இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன சனம் நாங்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் அடுத்தவன் தந்த சோற்றில் வளர்ந்தவர்கள் எங்களில் எத்தனை பேர். ஒரு பெண் விதவையானால் இத்தா இருக்கிற நான்கு மாதம் பத்து நாளும் வீட்டுக்குச் சாப்பாடு வரும், ஆட்கள் வருவார்கள். அதற்குப் பிறகு? ஸக்காத் காசு றமழானில் நூறு வீட்டுக்கு ஐயாயிரம், ஐயாயிரமாகப் பிரிகிறது. அதில் பத்துக் குடும்பத்தைத் தெரிந்து, இரண்டு வருடம் விடாமல் தாங்கினால் அந்தப் பத்துப் பேரும் அடுத்த முறை வரிசைக்கு வரமாட்டார்கள். மிஷன்காரரிடம் படிக்க வேண்டியது இதுதான். அவர்கள் வந்து, கொடுத்து, படம் எடுத்துப் போகவில்லை. ஒரு ஊரில் நாற்பது வருடம் இருந்தார்கள், இங்கேயே செத்தார்கள்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு இரண்டு மூன்று விடயம். இல்லத்துக்குக் கொடுப்பதென்றால் அது மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிந்ததா என்று கேளுங்கள், கேட்டால் குறையில்லை. பிள்ளையைத் தாயோடு வைத்தே உதவ "செவன சரண" என்ற வளர்ப்புப் பெற்றோர் திட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1929 இற்கு அடியுங்கள், பெண்களுக்கு 1938. பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருகிற பெண்பிள்ளைக்கு வாடகை அறை எடுக்கக் கையெழுத்து வைக்கவும் ஆள் இல்லை. அந்த இடத்தில் நிற்க யாராவது முன்வந்தால் பெரிய காரியம்.

எங்கள் பகுதியில் தவணை தொடங்க முன்பு பஸ் காசும் காலைச் சாப்பாடும் தேவையான சில பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோரும் தாயோடு இருப்பவர்கள். மாதம் மாதம் ஒரு வருடத்துக்குத் தர ஏலுமானவர்கள் மட்டும் உள்பெட்டிக்கு வாங்கோ. ஒருநாள் சாப்பாட்டுக்கு வேண்டாம். பிள்ளைகளின் பெயரைக் கருத்துப் பகுதியில் யாரும் எழுத வேண்டாம், எழுதினால் அழித்துவிடுவேன். படம் கேட்கவும் வேண்டாம்.