சாவையும் திட்டமிட்ட மனைவி, அழக்கூட அனுமதி இல்லாத கணவர்: ஒரு நாவல் எழுப்பும் கேள்வி

புற்றுநோய் முற்றிவிட்டது, இனி சிகிச்சை இல்லை என்று தெரிந்த பிறகு ஒருவர் தன் கடைசி நாள்களை எப்படிக் கழிக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? 'இதென்ன கேள்வி, சாகப்போறவங்கதானே முடிவு பண்ணணும்' என்று சட்டென்று சொல்லிவிடலாம். அப்படியானால் நாற்பது வருடம் கூடவே வாழ்ந்த கணவருக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாதா?

அமெரிக்க எழுத்தாளர் வாலஸ் ஸ்டெக்னரின் 'கிராஸிங் டு சேஃப்டி' நாவல் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். 1972-ல் புலிட்சர் பரிசு பெற்ற ஸ்டெக்னர், 1987-ல் தன் 78-வது வயதில் வெளியிட்ட இந்த நாவல்தான் அவரது கடைசி நாவல். இதில் கொலை இல்லை, கள்ளக்காதல் இல்லை, விவாகரத்தும் இல்லை. இரண்டு தம்பதிகளின் நீண்ட நட்புதான் முழுக் கதையும்.

யார் இந்த நான்கு பேர்?

1937, பொருளாதாரப் பெருமந்தக் காலம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்த இளைஞர்கள் லாரி மோர்கன், சிட் லாங். லாரியிடம் காசு இல்லை. சிட் பணக்காரர். இருவரின் மனைவிகளும், சாலியும் சேரிட்டியும், அப்போது கர்ப்பமாக இருக்கிறார்கள். பார்த்த சில நாள்களிலேயே நான்கு பேரும் ஒட்டிக்கொள்கிறார்கள்.

சேரிட்டி தாராள மனசுக்காரர், எதையும் முன்நின்று நடத்துபவர். கூடவே எல்லாம் தன் திட்டப்படிதான் நடக்க வேண்டும் என்ற பிடிவாதமும் உண்டு. சிட்டுக்குக் கவிதை எழுத ஆசை. சேரிட்டியோ, 'ஆய்வுக் கட்டுரை எழுது, வேலை நிரந்தரமாகட்டும்' என்று நெருக்குகிறார். வெர்மான்ட் மலைப்பகுதியில் எல்லோரும் நடைப்பயணம் கிளம்பும்போது ஒரு காட்சி வருகிறது. 'டீத்தூள் எடுத்து வெச்சாச்சு' என்று சிட் சொல்லியும் நம்பாமல், குதிரை மேல் ஏற்றிய மூட்டைகளை எல்லாம் இறக்கிச் சரிபார்க்க வைக்கிறார் சேரிட்டி. சின்ன விஷயம்தான். ஆனால் அந்தத் திருமணம் எப்படிப்பட்டது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அதே பயணத்தில்தான் சாலிக்குப் போலியோ தாக்குகிறது. அதன்பின் ஆயுள் முழுக்க ஊன்றுகோல்தான். லாரியின் வாழ்க்கை மனைவியைத் தூக்கி உட்கார வைப்பதைச் சுற்றியே அமைந்துவிடுகிறது.

கடைசி நாளில் நடப்பது என்ன?

1972 ஆகஸ்ட். சேரிட்டி புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறார். நண்பர்களை வெர்மான்ட்டுக்கு வரவழைக்கிறார். மரணம் இயற்கையானது, பயப்படவோ புலம்பவோ தேவையில்லை என்பது அவர் கொள்கை. எலிசபெத் கூப்ளர்-ராஸின் 'ஆன் டெத் அண்ட் டையிங்' 1969-ல் வெளியாகி, சாவைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் பரவிய காலம் அது. அந்தக் காலத்துக்கு ஏற்ற பெண்தான் சேரிட்டி.

சேரிட்டியின் திட்டம் இதுதான்: தன் பிறந்தநாளுக்குக் குடும்பமே மலை மேல் உணவு கட்டிக்கொண்டு உல்லாசப் பயணம் போக வேண்டும். அந்த நேரத்தில் அவர் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவார், இறப்பதற்காக. உடன் வர சாலிக்கு அனுமதி உண்டு. சிட்டுக்கு மட்டும் இல்லை. அவர் கெஞ்சிப் பார்க்கிறார். 'நீ உடைஞ்சு போயிடுவே, நீ உடைஞ்சா நானும் உடைஞ்சிடுவேன்' என்பதுதான் சேரிட்டியின் வாதத்தின் சாரம். சிட் எங்கோ நடந்து போய்விட, குடும்பம் அவரைத் தேடி அலைகிறது.

சேரிட்டி பக்கம் நியாயம் இல்லையா?

நிச்சயமாக இருக்கிறது. நோயாளியைப் பார்க்க வருபவர்கள் அழ, நோயாளியே அவர்களுக்கு ஆறுதல் சொல்லும் கொடுமை எல்லா ஊரிலும் நடப்பதுதான். வலியோடு போராடுபவர் மேல் மற்றவர்களின் கண்ணீரையும் சுமத்துவது அநியாயம். எந்த மருந்து, எந்த மருத்துவமனை, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு.

இந்தியாவிலும் சட்டம் இதை ஏற்றிருக்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயிர்காப்பு சிகிச்சை பற்றிய முன்கூட்டிய உயிலை அங்கீகரித்தது. 2023-ல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும்.

ஆனால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதி வைக்கலாம். 'என் கணவர் அழ வேண்டாம்' என்று எழுதி வைக்க முடியுமா? சேரிட்டி தவறும் இடம் அதுதான். தன் உடம்பைப் பற்றிய முடிவோடு அவர் நிற்கவில்லை. சிட்டின் துக்கத்தையும் தன் பட்டியலில் சேர்த்துவிட்டார். துக்கம், உயிர் பிரிந்த பிறகு தொடங்குவது இல்லை. 'இனி வழியில்லை' என்று மருத்துவர் சொன்ன நாளிலேயே அது தொடங்கிவிடும். கை பிடித்து உட்காருவது, பழைய சண்டைக்கு மன்னிப்பு கேட்பது, சும்மா பக்கத்தில் இருப்பது எல்லாம் அந்தத் துக்கத்தின் வேலைகள். அவற்றை அப்புறம் செய்துகொள்ள முடியாது. வாய்ப்பு ஒரே ஒரு முறைதான்.

இதற்கு நேர் எதிரில் லாரியும் சாலியும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் யாரைத் தாங்குகிறார்கள் என்ற கணக்கு இல்லை. தூக்கிவிடச் சொல்லிக் கேட்க சாலி வெட்கப்படுவதில்லை, பயமாக இருக்கிறது என்று காட்டிக்கொள்ள லாரியும் கூச்சப்படுவதில்லை. பலவீனத்தைக் காட்ட அங்கே இடம் இருக்கிறது. சேரிட்டியின் வீட்டில் அந்த இடம்தான் இல்லை.

ஆனாலும் ஸ்டெக்னர் சேரிட்டியை வில்லி ஆக்கவில்லை. அவர் இல்லாமல் சிட்டால் வாழ முடியுமா என்ற கவலை நண்பர்களுக்கும் இருக்கிறது. இருட்டிய பிறகு சிட் திரும்பி நடந்து வருவதோடு நாவல் முடிகிறது. அவர் என்ன ஆனார் என்று ஆசிரியர் சொல்வதில்லை.

கடைசிக் காலம் பற்றி வீட்டில் பேசி வைப்பது நல்லது, எழுதி வைப்பது அதைவிட நல்லது. அப்போது 'எனக்கு என்ன வேணும்' என்பதோடு நிறுத்த வேண்டாம். 'உனக்கு என்ன வேணும்?' என்று எதிரே இருப்பவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். சேரிட்டியின் அத்தனை பட்டியல்களிலும் விடுபட்டுப்போன கேள்வி அது ஒன்றுதான்.