அறுபது வயது எல்லோருக்கும் ஒரே அறுபதா?

ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் தொலைக்காட்சித் திரையின் அடியில் ஒரு வரி ஓடும்: 'மூத்த குடிமக்களுக்குச் சலுகை'. அந்த மூத்த குடிமக்கள் யார் என்று எந்த விவாதத்திலும் கேட்க மாட்டார்கள். நாம் கேட்போம்.

2018 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்துக்குள் 80டிடிபி என்றொரு பிரிவு வந்தது. 60 வயதானவர்கள், வங்கியிலோ அஞ்சலகத்திலோ போட்டுவைத்த பணத்துக்கு வரும் வட்டியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இது உண்டு. அதே ஆண்டு மூத்தோரின் மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவு 30,000 ரூபாயிலிருந்து 50,000 ஆனது. 2023இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடக்கூடிய உச்சத்தொகை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக இரட்டிப்பானது. அந்த ஏப்ரலில் வட்டியும் 8.2 விழுக்காடாக உயர்ந்தது. 2025இல், வங்கி வட்டியில் வரி பிடித்தம் செய்யாமல் விடும் வரம்பு 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமானது.

இப்போது இன்னொரு கணக்கைப் பார்ப்போம். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், 80 வயதுக்கு உட்பட்ட வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலும் அதே 200தான். தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் இருப்பவர் வாங்கும் 1,200 ரூபாயில் 1,000 ரூபாய் மாநில அரசு போடுவது. அரசு ஊழியராக ஓய்வுபெற்றவரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை திருத்தப்படுகிறது. களை பறித்து முதுகு வளைந்தவரின் 200 ரூபாய்க்கு மட்டும் விலைவாசி என்றால் என்னவென்றே தெரியாது.

இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். 30 விழுக்காடு வரி கட்டும் ஒருவர் 80டிடிபியில் 50,000 ரூபாயை முழுதாகக் கழித்தால், அவருக்கு மிச்சமாவது கூடுதல் தீர்வையும் சேர்த்து 15,600 ரூபாய். ஒன்றிய அரசின் 200 ரூபாய் ஆண்டுக்கு 2,400. ஒரே ஒரு பிரிவில் ஒரே ஆண்டில் வசதியானவருக்கு விட்டுக்கொடுத்த தொகையைச் சேர்க்க, ஏழை முதியவர் ஆறரை ஆண்டுகள் உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் முதலாவதுக்குப் பெயர் 'வரிச்சலுகை'. இரண்டாவதுக்குப் பெயர் 'இலவசம்'.

'எங்கள் வரிப்பணம்' என்று கொதிப்பவர்களுக்கு ஒரு சொல். உதவித்தொகை வாங்கும் பாட்டியும் சோப்புக்கும் செருப்புக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். கட்டிய வரியைத் திரும்பக் கேட்க அவருக்கு எந்தப் படிவமும் கிடையாது. கனடாவில் வருமான வரியே கட்டாத ஏழைகளுக்கும், அவர்கள் பொருள் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை ஈடுகட்டும் வகையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் வருகிறது. இங்கே வரிச்சலுகை என்பது வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதித்தவர்களோடு முடிந்துவிடுகிறது.

அப்படிச் சம்பாதித்தவர் யார்? 30 லட்சம் ரூபாயைச் சேமிப்பில் போட, வாழ்நாள் முழுக்க நிரந்தரச் சம்பளம், வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, அல்லது விற்க நிலம் வேண்டும். நிலமும் நிரந்தர வேலையும் யாரிடம் குவிந்தன, யாருக்கு மறுக்கப்பட்டன என்பது இந்நாட்டுச் சாதி வரலாறு. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களை ஒன்றிய அரசே நமஸ்தே திட்டத்துக்காகக் கணக்கெடுத்தது. 2024இல் வெளியான விவரப்படி, அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் அவர்கள் பங்கு 16.6 விழுக்காடு. ஊர்க் குப்பையை அள்ளுபவர் ஒப்பந்தக் கூலியாகவே அறுபதைத் தொடும்போது, அவர் எதிலிருந்து 'ஓய்வு' பெறுகிறார்?

வயதைப் பற்றிய பொய் இன்னும் கொடியது. 9 மாநிலத் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆதிக்கச் சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுட்காலம் 3 ஆண்டுகளுக்கு மேலும், பழங்குடியினரின் ஆயுட்காலம் 4 ஆண்டுகளுக்கு மேலும் குறைவு என்று காட்டியது. 80 வயதானால் ஒன்றிய அரசின் பங்கு 500 ரூபாய் ஆகுமாம். 80ஐப் பார்ப்பவர்கள் யார்? எல்லோருக்கும் ஒரே வயது என்பது நடுநிலை போலத் தெரியும். முன்னதாகச் சாகடிக்கப்படுபவருக்கு அது வாசலிலேயே மூடிய கதவு.

'வயதிலுமா சாதி பார்ப்பது?' என்று கேட்பார்கள். பக்கத்து நாடான நேபாளம் பார்த்தது. அங்கே 2008இல் முதியோர் படிக்கான வயது 75இலிருந்து 70 ஆனபோது, தலித்துகளுக்கும் பின்தங்கிய கர்ணாலிப் பகுதியினருக்கும் 60 என்று வைத்தார்கள். இந்தியாவைவிட ஏழை நாடு அது. காசில்லாததால் நடக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு அவமானமும் உண்டு. 80டிடிபி கேட்பவரிடம் 'உன் மகன் சோறு போடுகிறானா' என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. உதவித்தொகை கேட்பவர் மட்டும் தன்னை 'ஆதரவற்றவர்' என்று மெய்ப்பிக்க வேண்டும். அதுவும் கிராம நிர்வாக அலுவலர் முதல் தாசில்தார் வரை, பெரும்பாலும் தன்னை ஊருக்கு வெளியே வைத்த அதே சாதிகளைச் சேர்ந்தவர்கள் முன்னால். ஒருவருக்குக் கொடுப்பது மதிப்போடு கூடிய சலுகை, மற்றவருக்குக் கொடுப்பது தலைகுனிய வைக்கும் பிச்சை. அம்பேத்கர் படிநிலை ஏற்றத்தாழ்வு என்று பெயரிட்டது முதுமையிலும் விடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியரின் வட்டிச் சலுகையைப் பறிக்கச் சொல்லவில்லை. இட ஒதுக்கீட்டால் அரசு வேலைக்குப் போன நம் வீட்டு முதல் தலைமுறையும் அந்த வரிசையில் இருக்கிறது. முதுமையில் பாதுகாப்பு நல்லது என்று அரசுக்குத் தெரிகிறது என்பதற்கு அந்தச் சலுகையே சான்று. தெரிந்தும் யாருக்கு மறுக்கிறது என்பதே நம் கேள்வி.

எனவே நாம் கேட்க வேண்டியவை: ஒன்றிய அரசின் 200 ரூபாய் வாழும் அளவுக்கு உயர வேண்டும், அகவிலைப்படியைப் போல விலைவாசியோடு ஏற வேண்டும். தலித், பழங்குடி மக்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் தகுதி வயது குறைய வேண்டும். 'ஆதரவற்றவர்' என்ற நிபந்தனை ஒழிய வேண்டும். தூய்மைப் பணி நிரந்தரமாக வேண்டும்.

அடுத்த பட்ஜெட்டிலும் அந்த வரி திரையில் ஓடும். அப்போது வீட்டில் இந்த 15,600க்கும் 2,400க்கும் உள்ள கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், தோழர்களே.