பதம் பார்ப்பது யார்?

“இரசாயனமா? அது சயன்ஸ் பீடத்துக்காரருக்கு” என்று சொல்லிச் சொல்லியே கம்பஸில் காலத்தைக் கடத்துகிறோம். சாதாரண தரத்தோடு மூடிவைத்த புத்தகத்தை மறுபடி திறக்க வைத்தது எங்கட சைக்கிள் ரியூப்தான்.

காற்று லேசில் இறங்காத அந்தக் கறுப்பு ரியூப் பெரும்பாலும் ஐசோபியூற்றீன் என்ற வாயுவிலிருந்து வருகிறது. நான்கு காபன், ஓர் இரட்டைப் பிணைப்பு, அவ்வளவுதான். அமில ஊக்கி ஒரு புரோத்தனைக் கொடுத்ததும் அந்த மூலக்கூறு நேரேற்றம் பெற்று, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டு வழி. புரோத்தனைக் கைவிட்டு அங்கேயே நிற்கலாம். இல்லையென்றால் இன்னொன்று, இன்னொன்று என்று பிடித்துச் சங்கிலியாக நீளலாம். சூடு கூடினால் முதலாவது முந்தும், குளிர் கூடினால் இரண்டாவது. எள்ளுருண்டைக்குப் பாகு காய்ச்சுகிற அம்மாவுக்கு இது புதுசு இல்லை: சீனியும் தண்ணியும் ஒன்றுதான், பதம்தான் வேறு.

அப்படியென்றால் எந்தப் பதத்தில் இறக்குவது என்று தீர்மானித்தது யார்?

1930களில் விமானங்களுக்கு நல்ல பெற்றோல் தேவைப்பட்டது. சோவியத்தை விட்டு அமெரிக்கா போன இபாத்தியேவ், பொஸ்போரிக் அமிலத்தைத் திண்ம ஊக்கியாக்கி, சிறு ஒலிபீன் வாயுக்களைப் பெற்றோல் அளவில் நிற்கும்படி இணைத்தார். இரண்டு ஐசோபியூற்றீன் சேர்ந்ததற்கு ஐதரசன் ஏற்றினால் ஐசோஒக்டேன். ஒக்டேன் அளவுகோலில் 100 என்பது அதுதான்.

1937இல் ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனியின் தோமஸும் ஸ்பார்க்ஸும் அதே வாயுவோடு கொஞ்சம் ஐசோபிரீன் சேர்த்து, ஏறக்குறைய மறை 100 பாகை செல்சியஸில், அலுமினியம் குளோரைட்டை ஊக்கியாக வைத்து நீளச் சங்கிலி செய்தார்கள். அதுதான் பியூட்டைல் இறப்பர். 1942இல் மலாயா யப்பானிடம் விழுந்ததும் அதற்கு அவசரம் வந்தது. ஆனால் தொழிற்சாலை எழும்பும்வரை நேச நாடுகளுக்கு இறப்பர் எங்கிருந்து? பெரும்பகுதி இலங்கையிலிருந்து. இங்கே மரங்களின் ஆயுளையே பாராமல் பால் வெட்டினார்கள்.

பெருந்தோட்ட வரலாறு படிக்கிற நாங்கள் பால்வெட்டைப் படிக்கிறோம், மறை 100 பாகையைப் படிப்பதில்லை. சயன்ஸ் நண்பர்கள் மறை 100 பாகையைப் படிக்கிறார்கள், பால்வெட்டைப் படிப்பதில்லை. இரண்டு பேருக்கும் பாதிக் கதைதான் கிடைக்கிறது. எது உருவாகும் என்பதற்கு விதி இருக்கிறது, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எதை உருவாக்குவது என்பதை விதி சொல்லாது. போரும் காசும் வைத்திருந்தவர்கள்தான் சொன்னார்கள். பிளாஸ்ரிக்கைப் பற்றியோ எரிபொருளைப் பற்றியோ இன்று பேசும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அதைக் கேட்க எங்களுக்குக் கொஞ்சம் இரசாயனம் தெரிய வேண்டும். கன்ரீனில் பக்கத்து மேசையில்தான் அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். போய்க் கேட்போமே.