வெயிலில் கறுத்த தோலுக்கு வெட்கம் எதற்கு?

நாற்று நடும் பெண்ணின் முகத்தைக் கறுக்க வைப்பது வெயில். அந்தக் கறுப்பைக் கண்டு அவளையே வெட்கப்பட வைப்பது எது? உழைப்பாளி மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். 'இது பெண்கள் சமாச்சாரம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை?' என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். அப்படித் தள்ளிவிட முடியாது. கூலிப் பணம் கிரீம் டப்பாவுக்குப் போகிறது. நிறத்தைச் சொல்லி வரதட்சணை ஏற்றப்படுகிறது. விஷக் கிரீமைப் பூசிச் சிறுநீரகம் கெட்டவர்களும் உண்டு. சங்கத்துக்கு இதில் நிச்சயம் வேலை இருக்கிறது.

முதலில் விஞ்ஞானம் என்ன சொல்கிறது? தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் உடம்புக்குக் கேடு செய்யாதபடி அது குடைபோலக் காக்கிறது. வெயில் கடுமையான பூமியில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த மக்களுக்கு அது அதிகம். வெயில் குறைந்த வடக்கே வாழ்ந்தவர்களுக்கு, கிடைக்கிற கொஞ்ச வெயிலைக் கொண்டே வைட்டமின் டி தயாரித்துக்கொள்ள வெளுத்த தோல் உதவியது. அவ்வளவுதான் சங்கதி. அறிவுக்கும் குணத்துக்கும் நிறத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் ஒரு நிறம் உயர்வு, இன்னொரு நிறம் மட்டம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவின் சரித்திரத்தைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும். அங்கே உழைப்பாளிகளில் பெரும்பாலோர் வயலில் பாடுபட்ட காலத்தில், வெயில் பட்ட தோல் குடியானவனின் அடையாளம். ஆகவே பிரபுக் குடும்பத்துச் சீமாட்டிகள் வெளுப்பைப் போற்றினார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஈயத்திலிருந்து செய்த வெள்ளைப் பூச்சை, அது விஷமாக இருந்தும், முகத்தில் அப்பிக்கொண்டார்கள். பிறகு ஆலைகள் வந்தன, சுரங்கங்கள் வந்தன. விடியுமுன் லங்காஷயர் மில்லுக்குள் நுழைந்து இருட்டிய பின் வெளியே வந்த தொழிலாளி, வெயிலைக் காணாமல் வெளுத்துப் போனான். வெளுப்பு ஏழையின் நிறமாயிற்று! பணக்காரர்கள் கட்சி மாறினார்கள். 1920களில் பிரான்சின் தெற்குக் கடற்கரையில் வெயில் காய்ந்து, பழுப்பேறிய மேனியுடன் ஊர் திரும்புவது நாகரிகமாயிற்று. 'எனக்கு ஓய்வு இருக்கிறது. கையில் காசு இருக்கிறது' என்று அந்தப் பழுப்பு ஊருக்கு அறிவித்தது.

தோழர்களே, இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். உழைப்பவன் கறுத்திருந்தால் வெளுப்பு அழகு. உழைப்பவன் வெளுத்திருந்தால் பழுப்பு அழகு. சுரண்டும் வர்க்கம் போற்றுவது எந்த நிறத்தையும் அல்ல. தான் உழைக்கவில்லை என்பதைக் காட்டும் அடையாளத்தைத்தான்.

முதலாளிக்கோ எந்த நிறமானாலும் சரக்குதான். லோரியல் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 1935இல் வெயில் காய்பவர்களுக்கென்று ஓர் எண்ணெயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே கம்பெனி பிற்காலத்தில் நம் நாட்டில் வெளுப்பாக்கும் கிரீமை விற்றது. அங்கே பழுப்பு, இங்கே வெளுப்பு! இரு இடத்திலும் சொல்வது ஒன்றே: 'உன் தோல் சரியில்லை, காசைக் கொடு.' அங்கேயும் பலியாகிறவர்கள் உண்டு. செயற்கை ஒளியால் தோலைப் பழுப்பாக்கும் படுக்கைகள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2009இல் அறிவித்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று பழமொழி சொன்ன ஜனங்கள் நாம். ஊர் எல்லையில் கறுப்பசாமிக்குப் பொங்கல் வைக்கிறோம். ஆனால் பெண் பார்க்கப் போகும்போது மட்டும் 'பெண் நல்ல சிவப்பா?' என்று கேட்கிறோம். நிழலில் உட்கார்ந்து குத்தகை நெல் அளந்த மிராசுதாரனின் தோல் மேல், சேற்றில் நின்ற பண்ணையாளின் தோல் கீழ் என்ற நிலப்பிரபுத்துவப் பாடம் இன்னும் நம் மண்டையை விட்டுப் போகவில்லை. ஜாதித் திமிர் அதற்கு எண்ணெய் ஊற்றியது; வெள்ளைக்காரன் ஆட்சி அதற்கு முத்திரை குத்தியது. எல்லா ஜாதியிலும் கறுத்தவர் உண்டு, வெளுத்தவர் உண்டு என்பது கண்ணெதிரே தெரிந்தும், நிறத்தை வைத்து ஜாதியை மோப்பம் பிடிக்கும் இழிவு தொடர்கிறது.

இதன் பாரம் யார் தலையில் விழுகிறது? ஏழைப் பெண்ணின் தலையில். பெண் கறுப்பு என்றால் இரண்டு பவுன் கூடக் கேட்கிறார்கள். அந்த இரண்டு பவுன் எங்கிருந்து வரும்? கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பல, 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலமான பெயர் சூட்டி, மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டி, இளம்பெண்களின் உழைப்பைக் குறைந்த கூலிக்கு உறிஞ்சியதை நாம் மறக்கவில்லை. வரதட்சணைக் கவலைதான் அந்த முதலாளிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த தரகன். நிறத்தைச் சொல்லி வரதட்சணையை ஏற்றுகிற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்தத் தரகனின் வேலையையே செய்கிறார்.

இந்த வெட்கத்தை மூலதனமாக்கிய வியாபாரத்தையும் பாருங்கள். இந்துஸ்தான் லீவர் கம்பெனி 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமைக் கொண்டுவந்தது. மகன் இல்லையே என்று தந்தை ஏங்க, மகள் அந்தக் கிரீமைப் பூசி வெளுத்து, விமானப் பணிப்பெண் வேலை பெறுவதாக ஒரு விளம்பரம் காட்டினார்கள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் 2002இல் இதை எதிர்த்துக் கிளம்பியது. தேசிய மனித உரிமைக் கமிஷன் வரை சென்றது. 2003இல் விளம்பரம் நின்றது. பின்னர் 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பின மனிதர் போலீஸ்காரனின் முழங்காலடியில் கொல்லப்பட்டு, உலகெங்கும் ஜனங்கள் கொதித்தெழுந்தபோது, கம்பெனி 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்தது. பெயர்தான் மாறியது, வியாபாரம் நிற்கவில்லை. ஆனாலும் மக்கள் எதிர்த்து நின்றால் ராட்சசக் கம்பெனியும் பின்வாங்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்களும் சாட்சி.

பெரிய கம்பெனியின் சரக்கைவிட ஆபத்தானது, விலாசமில்லாமல் விற்கும் டப்பா. இவற்றில் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். அது மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கிறது. தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்து டாக்டர்கள் 2021 முதல் 2023 வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகை நோயுள்ள 22 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஒரே விதமான அபூர்வப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள்! வேறு சிலர், டாக்டர் சீட்டின்றி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு களிம்பு வாங்கி மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, சிவந்து, வெயிலில் எரிகிறது. வெயிலில் நின்று பிழைக்க வேண்டிய பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கொடுமை உண்டா?

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஓர் ஆலை கடலில் கொட்டிய பாதரசத்தால் மீனவ மக்கள் மாண்ட செய்தி 1956இல் வெளிவந்தது. அந்த ஊரின் பெயரால் 2013இல் உருவான சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குள் அடியோடு நிறுத்த வேண்டும் என்று அதன் உறுப்பு நாடுகள் 2023இல் தீர்மானித்தன. நம் நாட்டு விதிகளிலும் தடை இருக்கிறது. காகிதத்தில் இருக்கிற தடை கடைத்தெருவுக்கு வர வேண்டும்.

ஆகவே நாம் கோருகிறோம்: மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இந்தக் கிரீம்களைக் கடை கடையாக எடுத்துச் சோதித்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடைகள் மீது நடவடிக்கை வேண்டும். 1961இன் வரதட்சணைத் தடைச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கக்கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. தயாரித்தவர் விலாசம் இல்லாத டப்பாவை வீட்டில் சேர்க்காதீர்கள். பூசியவர்களுக்கு முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், தாமதமின்றி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், கிரீம் பூசியதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தையைக் 'கறுப்பி' என்று ஏளனமாகக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். மகனுக்குப் பெண் பார்க்கும் தோழர்கள் நிறத்தைக் கேட்க மாட்டோம், பவுனைக் கேட்க மாட்டோம் என்று கிளைக் கூட்டத்தில் முடிவு செய்யட்டும். மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இதைச் சேர்ந்தே நடத்தட்டும்.

வயலில் நின்று கறுத்தவரும், மில்லுக்குள் நின்று வெளுத்தவரும் ஒரே வர்க்கம். நமக்குத் தேவையான சிவப்பு டப்பாவில் வராது. அது நம் கொடியில் இருக்கிறது.